பச்சையைப் பிடுங்கு

பாரூரில் என் தொழில் இன்னதென்று சரியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "ஓசூர்ல ஒயர் மாட்டறான்" என்பது அவர் வழக்கமாகத் தரும் விளக்கம். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் மட்டும் "டெலிகாம் இன்ஜினியர்" என்று பதவி உயர்வு கொடுத்தார். கல்யாணம் முடிந்த மறுவாரமே பழைய பதவிக்கு இறக்கிவிட்டார்.

ஊர்க்காரர்களுக்கு நான் கேபிள் டிவிக்காரன். டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான், யாராவது ஒருவர், "ஏம்பா, ரெண்டு நாளா படம் கட்டம் கட்டமா வருது, ஒரு எட்டு வந்து பாரேன்" என்பார். நான் பார்ப்பது வேறு கேபிள் என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை மறுக்க முடியாமல் போனேன். செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்ப மாட்டினேன். படம் வந்துவிட்டது. ஓசூரில் பதினைந்து வருஷம் செய்த வேலைக்குக் கிடைக்காத மரியாதை அந்த ஒரு ஊதலுக்குக் கிடைத்தது. அந்த ஊதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு இடத்தில் அது என் கழுத்தைப் பிடித்தது.

என் வேலையை ஓரளவு புரிந்துகொண்டவர் சித்தப்பா மட்டும்தான். அவர் பாரூர் பெரிய ஏரியில் மீன் பிடித்தவர். தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பி, கால்வாய் வழியாக எங்கள் ஏரிக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் சித்தப்பாவின் வலையும் நிரம்பும். மீன் பிடிப்பதைவிட, பிடித்த பிறகு வலையின் சிக்கெடுப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை. புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சிக்கை அவிழ்ப்பார். கண் வலையைப் பார்க்காது. விரல்தான் பார்க்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உபகரண அறையில் எடுத்த ஒரு படத்தை அவரிடம் காட்டினேன். நூற்றுக்கணக்கான கேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குள்ள மாடு பூந்துச்சாடா?" என்றார்.

மாடு பூரவில்லை. மூன்று காண்ட்ராக்டர்கள் அடுத்தடுத்துப் பூந்திருந்தார்கள்.

டெலிகாமில் ஷெல்ஃப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி முதலில் அதைச் சமையலறை ஷெல்ஃப் மாதிரி நினைத்துக்கொண்டு, "அதுல என்னத்த வெப்பீங்க?" என்று கேட்டாள். அடுத்தபடி, "துடைக்கிறது யாரு?" என்றாள். இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை எங்கள் துறையில் பதில் இல்லை. இரும்புச் சட்டத்தில் ஓர் உயரமான ராக். அதில் திருகும் கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், பெரும்பாலும் எங்கேயும் இதுதான். உயரத்தை மட்டும் அடியிலும் அளக்கமாட்டார்கள், மீட்டரிலும் அளக்கமாட்டார்கள். 'யூ' என்று ஒரு தனிக்கணக்கு. ஒரு யூ 44.45 மில்லிமீட்டர். நல்ல ராக் என்றால் 42 யூ. சும்மா இருந்த ஒரு இரவில் என்னையே அளந்து பார்த்தேன். 38 யூ தேறினேன். அந்த ராக்கில் வரிசையாக ஷெல்ஃபுகள் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஷெல்ஃபிலும் புத்தகம் அடுக்கியதுபோல் கார்டுகள். ஒவ்வொரு கார்டின் நெற்றியிலும் துவாரங்கள். அந்தத் துவாரத்தில் சரியான ஒயரைச் சொருகுவது என் வேலை. அம்மா சொன்னதில் பெரிய தப்பில்லை.

இந்த ஷெல்ஃபுகள் குடிப்பது மைனஸ் 48 வோல்ட். ப்ளஸ் அல்ல, மைனஸ். ப்ளஸ் முனையை மண்ணோடு கட்டி, லைனை மைனஸில் வைத்தால், ஈரமண்ணில் புதைந்த செம்பு அரித்துப்போவது குறையும் என்று பழைய தந்தி, தொலைபேசிக் காலத்தில் கண்டுபிடித்த வழி அது. செம்பு போய்க் கண்ணாடி இழை வந்த பிறகும் மைனஸ் போகவில்லை. எனக்கு முதல் நாள் இதை யாரும் சொல்லவில்லை. மீட்டரை வைத்தேன், மைனஸ் 53 காட்டியது. பதறிப்போய் இரண்டு ப்ரோபையும் மாற்றிப் பிடித்தேன். ப்ளஸ் 53 காட்டியது. மேஸ்திரியிடம் ஓடிப்போய், "மைனஸா இருந்துச்சுண்ணா, சரி பண்ணிட்டேன்" என்றேன். அவர் கையிலிருந்த டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அந்த மேஸ்திரிதான் என் குரு. எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் காலத்து ஆள். ஜெல்லி ஊற்றிய செம்புக் கேபிளில் கை ஊறியவர். அதில் 25 ஜோடிக்கு வண்ணக் கணக்கு உண்டு. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் மறுபக்கம். அண்ணனைத் தூக்கத்தில் எழுப்பி "பதினேழு?" என்றால் "மஞ்சள் ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார். சோதித்துப் பார்த்திருக்கிறோம்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் ஒன்றை நான் வெகுநாள் நம்பவில்லை. பிறகு தேடிப் பார்த்தால் உலகமே அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் தானாக லைன் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஸ்ட்ரோஜர், பிணப்பெட்டி விற்று, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர். ஊரில் சாவு விழுந்தால் அவருக்கு ஃபோன் வரவேண்டும். வரவில்லை. லைன் கொடுக்கும் பெண்மணி போட்டிக் கடைக்காரருக்கு வேண்டியவராம், எல்லா இழவையும் அந்தப் பக்கமே திருப்பிவிட்டாராம். கோபத்தில், நடுவில் மனுஷரே இல்லாத எக்ஸ்சேஞ்சை உண்டாக்கிவிட்டார் மனுஷர். அண்ணன் முடிக்கும்போது சொல்வார்: "ஆனா பாரு, மெஷினுக்குள்ள ஒயர் மாட்ட ஒரு ஆள் வேணும்னு அவருக்குத் தோணல."

நம் நாட்டில் கிராமத்துக்குள் அப்படி ஒரு பெட்டி வந்தது சி-டாட் காலத்தில். 1984-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் கிராமிய எக்ஸ்சேஞ்சு 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் வைக்கப்பட்டது. 128 போர்ட். ஏசி வேண்டாம், நம் ஊர் வெக்கையும் தூசியும் தாங்கும் என்பதுதான் அதன் பெருமை. அண்ணன் அதைத் தன் மூத்த பிள்ளைபோலப் பேசுவார். இப்போது வரும் ஷெல்ஃபுகளுக்கு ஏசி இல்லாவிட்டால் மூச்சு முட்டும். "ஏசி ரூம்ல பொறந்த கழுதைங்க" என்பார்.

எனக்குப் பாடமாக அமைந்தது ஈத்தர்நெட் கேபிள். உள்ளே எட்டு இழை, நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் தேங்காய்நார்க் கயிறுபோல முறுக்கியிருக்கும். முனையில் ஆர்ஜே 45 என்ற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தலை. அதற்குள் எட்டையும் வரிசையாக நுழைத்துக் கிரிம்பிங் டூலால் ஒரு அழுத்து. வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை உட்கார வைத்திருக்கிறானே, எந்த மடையன் போட்ட வரிசை இது? ஆரஞ்சோடு ஆரஞ்சு, பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம் என்று நான் அழகாக அடுக்கினேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. டெஸ்டரில் வைத்தேன். எட்டு விளக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எரிந்தன. அப்படி நாற்பது கேபிள் அடித்தேன். வலது கட்டைவிரலில் கொப்புளம்.

ஷெல்ஃபில் மாட்டினால் லிங்க் வருகிறது, போகிறது. வருகிறது, போகிறது. சைக்கிள் டைனமோ விளக்கு மாதிரி.

அண்ணன் வந்தார். டெஸ்டரை வாங்கவே இல்லை. ஒரு தலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே இருந்த நிறங்களைப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. எல்லாத்தையும் வெட்டு" என்றார்.

மூன்றாவது ஊசியும் ஆறாவது ஊசியும் ஒரு ஜோடி. என் அழகான வரிசையில் மூன்றில் பச்சை ஜோடிக்காரன், ஆறில் நீல ஜோடிக்காரன். ஒரே ஜோடியாக முறுக்கிய இரண்டு இழையிலும் வெளிச்சத்தம் சமமாக ஏறும், அதனால் கடைசியில் ஒன்றை ஒன்று கழித்துவிடும். முறுக்குவதன் சூட்சுமம் அவ்வளவுதான். கிரகாம் பெல் 1881-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வேறு வேறு ஜோடியிலிருந்து ஆளுக்கு ஒருவனைப் பிடித்து ஜோடி சேர்த்தால் பக்கத்து வீட்டுச் சத்தமெல்லாம் உள்ளே வரும். டெஸ்டருக்கு அது தெரியாது. கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும் பார்க்கும். சரி, நீலம் ஏன் நடுவில்? தொலைபேசிக்குப் பழக்கமான இடம் நடு இரண்டு ஊசி. நடு அறை கிழவிக்கு என்று ஒதுக்கிவிட்டு, பிறகு வந்த மருமகள்கள் ஓரங்களில் இடம் பிடித்துக்கொண்ட வீடு அது. கிழவி போன பிறகும் அறையை யாரும் மாற்றவில்லை.

நாற்பது கேபிள், எண்பது தலை. வெட்டினேன். அன்றிலிருந்து வண்ணம் என்றால் எனக்கு ஒரு பயபக்தி வந்தது. வண்ணம் தெரிந்தால் தொழில் தெரிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடுதான் ஓசூரில் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தேன்.

ஓசூரைப் பற்றி பாரூர்க்காரனுக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. இரண்டும் ஒரே மாவட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம், 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரித்தது. அதனால் அங்கேயும் நம் பேச்சுதான் என்று நினைத்துவிடுவோம். கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரி தாண்டி மேலே ஏற ஏறக் காற்று குளிரும், பேச்சும் மாறும். ஓசூர்க்காரர் காய்கறிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசி, கண்டக்டரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டு, உங்களிடம் தமிழில் 'இப்பதான் வந்தேன்' என்பார். மூன்றும் ஒரே மூச்சில். ஜூஜூவாடிப் பக்கம் போனால் செல்ஃபோனே கட்சி மாறிவிடும். ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில், எல்லையோரத்துக் கம்பெனிகளில் தெற்குச் சுவரோரம் நின்று பேசினால் தமிழ்நாடு, வடக்குச் சுவரோரம் நின்றால் கர்நாடகம். ஃபோன் வந்தால் ஆட்கள் தெற்கே ஓடுவார்கள்.

எனக்கு உதவியாளாக வந்த தம்பி வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். நல்ல பையன். சொன்னதைச் செய்வான், சொன்னபடியே செய்வான். கேடு அங்கேதான் இருந்தது.

ஒரு நாள் இரவு வேலை. எந்த வளாகம் என்பது வேண்டாம். பெரிய வளாகம், இரண்டு கோடியில் இரண்டு உபகரண அறை. ஒரு ஷெல்ஃபிலிருந்து பயன்படாத பழைய செம்புக் கேபிள் ஒன்றைக் கழற்ற வேண்டும். பச்சை நிறக் கேபிள். அதே ஷெல்ஃபில், நாலு விரற்கடை தள்ளி, மொத்த வளாகத்தையும் வெளியுலகோடு இணைக்கும் கண்ணாடி இழை. அது மஞ்சள் நிறம். தூரத்துக்குப் போகும் ஒற்றைப்பாதை இழைக்கு மஞ்சள் உறை என்பது வழக்கம். தம்பி அந்த அறையில், நான் மறுகோடியில், காதில் ஃபோன்.

"தம்பி, பச்ச கேபிள் தெரியுதா?"

"தெரியுதுண்ணா."

"அதப் பிடுங்கு."

கொஞ்சம் மௌனம். "பச்சையாண்ணா?"

"பச்சதான்டா."

"அது வேலை செய்யுதுண்ணா. லைட்டு எரியுது."

"எரியட்டும். பழசு. ஆர்டர் இருக்கு. பிடுங்கு."

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பையன் என்னை மூன்று முறை எச்சரித்திருக்கிறான். கடைசியாக ஒரு பெருமூச்சு கேட்டது. "எடுத்துட்டேண்ணா" என்றான்.

என் முன்னால் இருந்த ராக்கில் மேலிருந்து கீழாக விளக்குகள் நிறம் மாறின. எங்கள் தொழிலில் முதுகுத்தண்டு என்று ஒன்று இருப்பதே அந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

பத்து விநாடி இருக்காது, பெங்களூர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபோன். இரவுப் பணியில் இருந்தவர் கன்னடக்காரர். "ஏன் மாடித்ரி?" என்றார்.

ஏன் என்று கேட்கிறாரே, காரணம் சொல்ல வேண்டியதுதானே. "பழைய கேபிள் சார், கழட்டச் சொல்லி ஆர்டர் இருக்கு சார்" என்றேன்.

"அதில்ல. ஏன் மாடித்ரி?"

"அதான் சார், ஷெல்ஃபுல எடம் வேணும்னு..."

"ஏன்?" கத்திவிட்டார்.

"புது கார்டு போடறதுக்கு சார்!" நானும் கத்தினேன்.

கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. 'என்ன செய்தீர்கள்' என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு கேட்கக் கேட்க, நான் 'எதற்காகச் செய்தேன்' என்பதை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கேட்க அவர்களுக்கு 'யாக்கெ' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லும் அன்றிரவு பிறகு வந்தது, பல முறை.

இந்தப் பக்கம் தம்பியிடம், "என்னத்தடா பிடுங்கின?" என்றேன்.

"நீங்க சொன்னதத்தாண்ணா. பச்ச."

"அது மஞ்சள்டா!"

"ஆமாண்ணா," என்றான் தம்பி, குழப்பமே இல்லாமல். "பச்ச."

தெலுங்குக்காரர் பேச்சில் 'பச்ச' என்றால் பல சமயம் மஞ்சள். நமக்கு வரும் மஞ்சள் காமாலை அவர்களுக்கு வந்தால் 'பச்ச காமெர்லு'. நம் பச்சையைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஆகுபச்ச' என்பார்கள், இலைப்பச்சை. மஞ்சள் என்று பிரித்துச் சொல்ல 'பசுபுபச்ச'. 'பசுபு' என்றால் மஞ்சள்கிழங்கு. நானோ முழுப் பெயரையும் சொல்லாமல் மொட்டையாகப் 'பச்ச' என்றேன். தமிழ் பேசித் திரிந்தாலும் நெருக்கடியில் அவன் காதுக்கு எட்டியது வீட்டுப் பேச்சு. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"திரும்ப மாட்டு, சீக்கிரம்" என்றேன்.

ஃபோனில் ஒரு சத்தம் கேட்டது. ஃபூ.

"என்னடா அது?"

"ஊதினேண்ணா. நீங்க அன்னிக்கு ஊர்ல செட்டாப் பாக்ஸுக்கு ஊதினீங்கள்ல?"

ஏரித் திருவிழா மாதிரி ஏதோ ஒரு விசேஷத்துக்கு அவனை ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். அன்று நான் ஊதியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். குரு செய்ததைச் சீடன் செய்கிறான், யாரைக் குறை சொல்ல? ஆனால் அந்த இழையில் வெளிச்சம் போகும் பாதை 9 மைக்ரான். தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிமன். அந்த வாசலில் வாயால் ஊதுவது, ஊசித் துவாரத்தை நனைந்த துணியால் மூடுவதற்குச் சமம். மூச்சின் ஈரம் போதும். தூசி தட்டுவதற்கு என்று தனிப் பேனா உண்டு, துடைக்க ஸ்பிரிட் உண்டு. அந்தப் பை என் தோளில், என் கோடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். ஆலைக்குள் ஓடக்கூடாது என்று செக்யூரிட்டி நிறுத்தினார். வேகமாக நடந்தேன். போய்ப் பார்த்தால் இன்னொரு கூத்து. அந்த இழை இரட்டை. ஒன்று பேசுவதற்கு, ஒன்று கேட்பதற்கு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் எப்போதோ உடைந்து, யாரோ அதற்கு நூல் கட்டியிருக்கிறார்கள். பிடுங்கிய வேகத்தில் நூல் அவிழ்ந்தது. தம்பி மாற்றிச் சொருகிவிட்டான். இந்த முனையின் வாய் அந்த முனையின் வாயோடு, காது காதோடு. எங்கள் வீட்டில் தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் இருக்கும் நிலைமை. எல்லோரும் பேசுகிறார்கள், கேட்க ஆளில்லை. துடைத்து, மாற்றி, மாட்டினேன். விளக்கு பச்சையானது. அதாவது, ஆகுபச்ச.

மொத்தம் இருபத்தேழு நிமிஷம். அதில் பதினைந்து நிமிஷம் நானும் கன்னடக்காரரும் 'ஏன்' என்ற சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டது.

விசாரணை நடந்தது. இந்த மாதிரி விபத்துக்குக் காரணம் எழுத ஒரு படிவம் உண்டு. 'உபகரணக் கோளாறு', 'மின்தடை', 'மனிதத் தவறு' என்று கட்டங்கள். 'தெலுங்கு' என்று ஒரு கட்டம் இல்லை. நான் எவ்வளவோ விளக்கியும், மேலிடத்தில் அதை 'நிறக் குழப்பம்' என்று சுருக்கி, தம்பியை நிறக்குருட்டுச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-இல் வெளியிட்ட சோதனை அது. புள்ளி புள்ளியாக நிறங்களை இறைத்து நடுவில் எண்ணை ஒளித்து வைத்திருப்பார். தம்பி எல்லா எண்ணையும் படித்தான். துணைக்குப் போன என்னையும் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கத்தில் நான் தடுமாறினேன். கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். 'நிறப் பார்வை இயல்பு' என்று தம்பிக்குச் சான்றிதழ் வந்தது. அதை அவன் வீட்டில் மாட்டியிருக்கிறான்.

வெட்கத்தோடு பாரூருக்கு வந்து டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பையன் சொன்னது சரிதானேப்பா. பசும்பொன்னுன்னு சொல்றமே, பொன்னு என்ன பச்சையா?"

நான் விழித்தேன்.

"பசலைங்கறமே, தலைவன் பிரிஞ்சு போனா தலைவி உடம்புல படருமே, என்ன நெறம்? பச்சையா படரும்? அப்புறம் அவ பச்சோந்தி ஆயிடுவா."

அவர் அத்தோடு விடவில்லை. பசுமைக்கும் மஞ்சளுக்கும் உள்ள உறவை அரைமணி நேரம் விளக்கினார். ஆக என் சொந்த மொழியே தம்பிக்குச் சாட்சி சொல்லிவிட்டது. சித்தப்பா மட்டும் எளிதாக முடித்தார்: "நாங்க நெறத்தையா பாக்கறோம்? நுனியைப் பிடிச்சு இழுத்துப் பாத்துட்டுத்தான் அறுப்போம்." போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டு வியாபாரிகூடத் தன் ஆட்டின் முதுகில் சாயம் வைத்தால், கூடவே தன் கையையும் ஆட்டின் மேல் வைத்துக்கொண்டுதான் நிற்பார். சாயத்தை மட்டும் நம்பிய ஒரே ஆள் நான்.

லேபிள் ஒட்டவேண்டியதுதானே என்பீர்கள். ஒட்டாமல் இல்லை. அந்த ராக்கிலேயே லேபிள்கள் இருந்தன. 'தற்காலிகம்' என்று ஒன்று. ஒட்டி ஏழெட்டு வருஷம் இருக்கும், எழுத்தே மங்கிவிட்டது. 'தொடாதே' என்று ஒன்று. யார் எழுதியது, எதற்கு என்று தெரியாது, ஆனால் இன்றுவரை யாரும் தொடவில்லை. 'அண்ணனைக் கேட்கவும்' என்று ஒன்று. எந்த அண்ணன்? எங்கள் தொழிலில் அண்ணன் இல்லாதவன் யார்?

ராக் கதவில் வண்ணக் குறிப்பு ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்த மொழியில் எழுதுவது என்று கூட்டத்தில் வாக்குவாதம் தொடங்கி, டீ வந்து, டீ ஆறி, முடிவில்லாமல் கலைந்தது. தம்பி அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால், ராக் கதவில் டேப் போட்டு இரண்டு பொருளை ஒட்டியிருந்தான். ஒன்று மாவிலை. இன்னொன்று ஒரு துண்டு மஞ்சள்கிழங்கு. மாவிலைக்கு எதிரே ஷெல்ஃபின் செம்பு வரிசை எண். மஞ்சளுக்கு எதிரே இழை வரிசை எண்.

"ஆகு, பசுபு" என்றான். "இப்ப எல்லாருக்கும் புரியும்ணா."

உண்மையாகவே எல்லோருக்கும் புரிந்தது. பெங்களூரிலிருந்து வந்த கன்னடக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒடிசாவிலிருந்து வந்த பையன் கேள்வி கேட்காமல் சரியான கேபிளைத் தொட்டான். என் வாழ்நாளில் நான் பார்த்த சிறந்த லேபிள் அதுதான்.

ஆடிட் வந்தது. சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் அறைக்குள் கால் வைத்தார். ராக்கில் மாவிலை, மஞ்சள். சட்டென்று பின்வாங்கி வெளியே போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில்தான் கேள்வி கேட்டார். கதவைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த ராக்கில் ஒரு குறையும் எழுதவில்லை.

அடுத்த ஆடிட்டர் அப்படி இல்லை. கதவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதற்குள் இரண்டு மாதம் போயிருந்தது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மாவிலை காய்ந்து சுருண்டிருந்தது.

"இந்த வரிசை பழுப்புன்னு போட்டிருக்கு. உள்ள பழுப்புக் கேபிள் ஒண்ணுகூட இல்லையே?" என்றார்.

அதிலிருந்து ஆடிட் தேதி அறிவித்ததும் தம்பி முதலில் செய்யும் காரியம், மாமரம் தேடிக்கொண்டு வெளியே போவதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரத்துக்கா பஞ்சம், ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடுகிறான்.